கடல் கொண்டுபோயிருச்சு

இராமநாதபுரம் கரையில் ஒரு ஆள் காணாமல் போனால், தேடப் படகு இறங்குவதற்கு முன்பே ஒரு வாக்கியம் இறங்கிவிடும்: "கடல் கொண்டுபோயிருச்சு." தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரிலும் இதே சொல்தான். துக்கத்தில் வாயில் வருவது, சொன்னவர்மேல் குற்றமில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு அப்படியொரு சொல் வேண்டித்தான் இருக்கிறது. உறுத்துவது அதற்குப் பிறகு நடப்பது. அதே சொல் மறுநாள் காவல் நிலையத்து ரைட்டர் மேசைக்குப் போய் "கடலில் தவறி விழுந்து" என்று எழுத்தாகிறது. அதற்கு மறுநாள் பிரேத விசாரணைக்கு அழைத்த பஞ்சாயத்தார் கையெழுத்தோடு ஒரு விசாரணையின் முடிவாகவே ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் இடையில் யாரும் எதையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

இங்கே நடக்கும் சாவில் பெரும்பாலானவை விபத்துதான். இரவில் படகோரத்தில் சிறுநீர் கழிக்க நின்றவர் தவறுகிறார். வின்ச் கயிறு காலைச் சுற்றி இழுத்துவிடுகிறது. பாம்பன் பக்கம் வல்லம் என்ற நாட்டுப்படகு ஒரே அலையில் கவிழ்கிறது. ஆனால் பெரும்பாலானவை விபத்து என்பதை வைத்து இதுவும் விபத்து என்று எழுதிவிட முடியாது. விபத்தாகவே இருந்தாலும் அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. அந்தப் பணத்துக்குக் கேட்கப்படுவதும் முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை என்ற அதே தாள்கள்தான். அவசரத்தில் எழுதிய வரி கொலையை மறைப்பது என்றைக்கோ ஒருநாள். விபத்தில் செத்தவரின் குடும்பத்தைக் காப்பீட்டு அலுவலகத்து வாசலில் நிறுத்துவது அடிக்கடி.

கடல் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. 1952 ஆகஸ்டில் சென்னையில் கொல்லப்பட்ட ஆளவந்தார் என்பவரின் உடல், தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயில் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. மானாமதுரையில் பெட்டியைத் திறந்தார்கள். தலை கிடைத்தது ராயபுரம் கடற்கரையில். கடலோடு போகட்டும் என்று விட்டதைக் கடலே திருப்பித் தந்தது. பாக் நீரிணை போன்ற ஆழமில்லாத கடல் இன்னும் சீக்கிரம் திருப்பித் தரும். அதை வாங்கிக்கொள்ளக் கரை தயாராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு ஆள் குறைந்து திரும்பும் படகு

இராமேசுவரம் விசைப்படகில் ஐந்து முதல் ஏழு பேர் போவார்கள். ஆள் இல்லை என்று தெரிந்த நிமிடத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை ஜிபிஎஸ்-இல் அந்த இடத்தைக் குறிப்பது. பல கருவிகளில் ஆள் விழுந்த இடத்தைப் பதிய தனிப் பொத்தானே இருக்கும். அந்தப் புள்ளி மட்டும் போதாது. அவரைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தது யார், எந்தப் பாட்டில் (வலை இழுத்த எந்தச் சுற்றில்), எஞ்சின் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது என்ற இன்னொரு புள்ளியும் வேண்டும். தேட வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆள் இல்லாததைக் கண்டுபிடித்த இடத்தை மட்டும் சொல்லிவிட்டு, அவர் விழுந்தது இரண்டு மணி நேரம் முன்னால் என்பதை விட்டுவிட்டால் கடலோரக் காவல்படையின் கப்பல் வேறொரு கடலைத் தேடிக்கொண்டிருக்கும். விஎச்எஃப் வானொலியில் 16-ஆம் சேனல், கடலோரக் காவல்படைக்கு 1554, மரைன் போலீஸ் எனும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இந்த மூன்றும் படகில் எழுதி ஒட்டியிருக்க வேண்டியவை.

கரைக்கு வந்ததும் நடப்பதுதான் கெடுக்கிறது. இராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி என்று விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் தொழில். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தரும் அடுத்த நாள் வந்ததும் அதே படகு ஐஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள் தளம் கழுவியாகிவிட்டிருக்கும், கயிறு மாற்றியாகிவிட்டிருக்கும், கூடப் போனவர்களில் இருவர் வேறு படகில் ஏறியிருப்பார்கள். ஜிபிஎஸ் கருவியில் போன வழி பதிவாகியிருக்கும் என்றாலும் நினைவகம் நிரம்பினால் பழைய தடத்தின்மேல் புதிய தடம் ஏறும். நாலைந்து நடை போனால் அந்த இரவு அழிந்துபோகலாம். படகை மாதக்கணக்கில் கட்டிப்போடச் சொல்லவில்லை. அது இன்னொரு ஏழு குடும்பத்தின் சோறு. ஒரே காலையில் தளத்தைப் படம் எடுத்து, கருவியைச் சாட்சிகள் முன் மகஜர் (கைப்பற்றல் குறிப்பு) எழுதிக் கைப்பற்றி, கறை இருந்தால் பஞ்சில் ஒற்றி எடுத்துவிட்டுப் படகை விட்டுவிடலாம். இந்த அரை நாள் வேலையைச் செய்ய யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான்.

கூடப் போனவர்களிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் முதலில் பேசுகிறவர் சொன்னதே ஐந்து பேரின் வாக்குமூலமாகிவிடும். எத்தனை பாடு இழுத்தீர்கள், அவர் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, யார் எங்கே படுத்திருந்தார்கள், அவருடைய போன், கைலி, பீடிக்கட்டு எல்லாம் இப்போது எங்கே என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். பொய் இருந்தால் அது இந்தச் சில்லறைக் கேள்விகளில்தான் முரண்படும். டோக்கன் வாங்கும்போது சொன்ன ஆள் ஒருவர், படகில் ஏறியவர் வேறொருவர் என்பதும் உண்டு. அதை மறைக்கப்போய் ஒன்றுமில்லாத விஷயம் மர்மமாகும். பீடி இலை, மஞ்சள், 2001 முதல் பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை என்று படகில் வேறு சரக்கு இருந்திருந்தால் வாய் இன்னும் இறுகும். மௌனம் எல்லாம் கொலையை மறைப்பதற்கில்லை. ஆனால் எதை மறைக்கிறார்கள் என்று தெரியாதவரை விசாரணை நகராது.

வீட்டார் காவல் நிலையத்துக்குப் போனால் கேட்கும் பதில் பழக்கமானது. "இது மரைன் போலீஸ் பார்க்கணும்." அங்கே போனால் "லோக்கல் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வாங்கம்மா." சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றச் செய்தியை எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் பதிய வேண்டும். பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. கையில் தருவது சி.எஸ்.ஆர். ரசீதா, முதல் தகவல் அறிக்கையா என்று பார்த்து வாங்க வேண்டும். சி.எஸ்.ஆர். என்றால் மனு வாங்கினோம் என்று அர்த்தம், விசாரிக்கிறோம் என்றல்ல. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம், அதன்பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

புகாரில் ஒரு வரியை மட்டும் எழுதவே கூடாது: "கடலில் விழுந்து இறந்திருக்கலாம்." நிலையத்தில் இதை எழுதச் சொல்வார்கள், கேஸ் சீக்கிரம் முடியும் என்பார்கள். "இன்ன நாள், இன்ன படகில் போனவர் திரும்பவில்லை, காரணம் தெரியவில்லை" என்பதோடு நிறுத்த வேண்டும். மிச்ச இடத்தை அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உயரம், எந்தக் கை எலும்பு எப்போது முறிந்தது, எந்தப் பல் இல்லை, பச்சை குத்தியது எந்தக் கையில், அரைஞாண் கறுப்பா சிவப்பா, தாயத்து உண்டா, பனியன் என்ன நிறம் என்று எழுத வேண்டும். ரேஷன் கார்டுக்கு விறைப்பாக நின்று எடுத்த படத்தைவிட, கல்யாண வீட்டில் பல் தெரியச் சிரிக்கும் படம் மேல். மண்டையோடு மட்டும் கிடைத்தால், புகைப்படத்தின்மேல் அதைப் பொருத்திப் பார்க்கும் சோதனைக்குப் பல்வரிசைதான் பிடிமானம். போன் வாங்கிய அட்டைப்பெட்டி வீட்டில் இருந்தால் அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ எண் அதில் இருக்கும். அழைப்புப் பதிவுகளைத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடைத்தெரு சிசிடிவி சில வாரங்களில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எதை முதலில் கேட்க வேண்டும் என்பதை இதுவே சொல்லிவிடுகிறது. அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடிப்பதுண்டு. அதனால் இந்தியப் பதிவில் சிக்னல் அறுந்த நேரத்தைச் செத்த நேரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீர் உடலுக்குச் செய்வது

மூழ்கிய உடல் முதலில் அடியில்தான் கிடக்கும். குடலிலும் தசையிலும் வாயு உண்டானபின் மேலே வரும். நம்முடைய வெதுவெதுப்பான கடலில் கோடையில் ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள். பிறகு எங்கே ஒதுங்கும் என்பதைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பாம்பன் கால்வாய் வழியாகத் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஏறும். வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். ஆடியில் குந்துகால் பக்கம் விழுந்தவரை தேவிபட்டினம், தொண்டி, அதற்கும் மேலே கோட்டைப்பட்டினம் வரை பார்க்க வேண்டும். கார்த்திகையில் தொண்டியில் விழுந்தவரை மண்டபம் பக்கம் தேட வேண்டும். மூக்கையூர்க்காரருக்குத் தூத்துக்குடி மாவட்டத்து வேம்பார் நிலையமும் பக்கத்து வீடு மாதிரி. மன்னார் வளைகுடாவில் ஆளில்லாத தீவுகள் 21. தலையாரி, முல்லி, அப்பா தீவுகளின் ஓரத்தில் ஒதுங்கியதைக் கரையிலிருந்து யாரும் பார்க்க முடியாது. காணாமல் போனவரின் விவரம் ஒரே நிலையத்து நோட்டீசுப் பலகையில் தொங்கிக்கொண்டிருக்க, மூன்று நிலையம் தள்ளி அவரே "அடையாளம் தெரியாத ஆண் பிரேதம்" ஆகிப் புதைக்கப்படுவது இப்படித்தான்.

இலங்கையின் நெடுந்தீவுக்கோ தலைமன்னாருக்கோ போய்விட்டால் வேறு கதை. 2021 ஜனவரியில் நெடுந்தீவு அருகே படகு மூழ்கி இறந்த நால்வருக்கு யாழ்ப்பாணத்தில் கூறாய்வு நடந்தது, உடல்கள் கடல் எல்லைக்கோட்டில் கைமாறின. அப்படி வரும் உடலுக்கு இங்கே மறு கூறாய்வு கேட்பது குடும்பத்தின் உரிமை என்பது சரிதான். ஆனால் முதல் கூறாய்வில் வெட்டி எடுத்த உறுப்புகள் இரண்டாம் மருத்துவருக்குக் கிடைக்காது. முதல் மருத்துவரின் குறிப்பும் படங்களும் கூடவே வந்தால்தான் இரண்டாவதற்குப் பயன் உண்டு. உடலைக் கேட்கும் கடிதத்திலேயே அவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் தப்பாகச் சந்தேகப்படுவதும் உண்டு. நீரில் மிதக்கும் உடலில் தலையும் கையும் கீழே தொங்கும். ரத்தம் அங்கே இறங்கி முகமும் கழுத்தும் கறுத்துப்போகும், அழுகலும் அங்கேயே முதலில் தொடங்கும். பார்ப்பவர்கள் "மூஞ்சில அடிச்சிருக்கான்" என்பார்கள், அடியாக இருக்க வேண்டியதில்லை. நாக்கு வெளியே தள்ளியிருப்பது வாயு செய்வது, கழுத்தை நெரித்ததற்கு அதுமட்டும் சாட்சியாகாது. உதடு, இமை, காதுமடல் என்று மென்மையான இடங்களில் பிய்ந்திருப்பது பெரும்பாலும் நண்டும் மீனும் தின்றது. வரிசையாக, ஒரே இடைவெளியில் விழுந்த வெட்டுகள் படகின் விசிறி பட்டதாக இருக்கலாம். இதற்கு நேர்மாறும் உண்டு. உயிரோடிருந்தபோது விழுந்த வெட்டிலிருந்து ரத்தத்தைக் கடல்நீர் கழுவிவிடும். பார்த்தால் செத்தபின் விழுந்த வெட்டு மாதிரி வெளிறியிருக்கும். காயத்தின் ஓரத்தசையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் இரண்டில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

மணலில் ஐந்து கையெழுத்து

எல்லாம் திரும்பும் இடம் இதுதான். உடல் ஒதுங்கியதும் கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் போகும், அவர் நிலையத்துக்குச் சொல்வார். பிஎன்எஸ்எஸ் 194-இன் கீழ் வழக்குப் பதிவாகும். பழைய சட்டத்தில் 174. நிலையத்தில் இன்னும் 'ஒன் செவன்டி ஃபோர்' என்றுதான் சொல்வார்கள். காவல் அதிகாரி இடத்துக்கு வந்து, அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ளவர்கள் முன்னிலையில் உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். வழக்கத்தில் ஐந்து பஞ்சாயத்தார். அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட அல்லது உட்கோட்ட மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. உடலில் தெரியும் காயங்கள் என்ன, அவை எதனால் எப்படி உண்டானதாகத் தோன்றுகிறது, சாவுக்குத் தோன்றும் காரணம் என்ன என்பதுதான்.

மணலில் நடப்பதைப் பாருங்கள். அதிகாரி வருவதற்குள் நல்ல மனதுள்ள நாலு பேர் உடலை அலைவாயிலிருந்து தூக்கி மேட்டில் போட்டிருப்பார்கள். முகத்தைக் கழுவியிருப்பார்கள். வாயிலும் மூக்கிலும் இருந்த நுரை துடைத்தாகிவிட்டிருக்கும். நீரில் மூழ்கிச் செத்ததற்கு வெளியே தெரியும் நல்ல அடையாளம் அந்த வெண்ணுரைதான், அதுவும் அழுகல் ஏறாத உடலில்தான் இருக்கும். கையில் பிடித்திருந்த பாசியோ கயிறோ விரலைப் பிரித்து எடுத்தாகிவிட்டிருக்கும். சாகும் நொடியில் உயிரோடு தண்ணீரில் இருந்தார் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. கழுத்திலோ காலிலோ கயிறு இருந்தால் முடிச்சை அவிழ்த்திருப்பார்கள். முடிச்சைத் தொடவே கூடாது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் வெட்டி, வெட்டிய இரு முனையையும் நூலால் சேர்த்துக் கட்டி அப்படியே அனுப்ப வேண்டும். வலைக்கயிற்றில் தானாகச் சிக்கியதா, ஒருவர் போட்ட முடிச்சா என்பதைக் கடல்தொழில் தெரிந்தவர் எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அவிழ்த்துவிட்ட கயிற்றைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

வெயில் ஏறும். வாடை தாங்காது. ஜனாஸாவை (அடக்கத்தை) தாமதிக்கக் கூடாது என்று ஒரு வீட்டில் அவசரம், அமாவாசைக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு வீட்டில். படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வருவார்கள். பஞ்சாயத்தாரின் அபிப்பிராயம் என்ன? "எழுதுங்கய்யா, கடல்ல தவறி விழுந்து செத்துட்டாப்ல. வேறென்ன?" ஐந்து கையெழுத்து. "தவறி" என்ற சொல்லைக் கவனியுங்கள். தானாக விழுந்தாரா, தள்ளப்பட்டாரா, செத்தபின் போடப்பட்டாரா என்ற மூன்று கேள்விக்கும் அந்த ஒரே சொல் பதில் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்ட ஐவரில் ஒருவர்கூட அன்றிரவு அந்தப் படகில் இல்லை.

அந்த அறிக்கையின் நகல் மருத்துவமனைக்குப் போகிறது. மருத்துவர் கத்தியை எடுப்பதற்கு முன் படிப்பது அதைத்தான். அவர் முன் கிடப்பது மூன்று நாள் ஊறிய உடல். நுரையீரல் ஊதியிருந்ததா, மூச்சுக்குழாயில் மணல் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதெல்லாம் அழுகலில் மங்கிவிட்டது. அழுகிய உடலில் 'மூழ்கிச் சாவு' என்பது மற்றக் காரணங்களை விலக்கிவிட்டுக் கடைசியாக வந்து சேர வேண்டிய முடிவு. விலக்க நேரமும் ஆளும் இல்லாத இடத்தில், அறிக்கையில் இருப்பதற்கு ஒத்துப்போகிறது என்று எழுதிவிடுவது எளிது. விசாரணை அதிகாரி இறுதி அறிக்கையில் "மருத்துவரின் கருத்துப்படி" என்று எழுதுவார். மருத்துவர் சாய்ந்தது பஞ்சாயத்தாரின்மேல், பஞ்சாயத்தார் சாய்ந்தது ஊர்ப்பேச்சின்மேல், போலீஸ் சாய்ந்தது மருத்துவரின்மேல். ஒருவர் முதுகில் ஒருவராக எல்லாரும் சாய்ந்திருக்கிறார்கள், தரையில் கால் ஊன்றியவர் ஒருவருமில்லை. இதில் யாரும் காசு வாங்கியிருக்கத் தேவையில்லை, கெட்டவராக இருக்கத் தேவையில்லை. லஞ்சத்தையும் அரசியலையும் திட்டுவது எளிது. எனக்கு இதுதான் பெரிய பயம்.

அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒரே வரி: "சாவுக்கான காரணம் உடற்கூறாய்வுக்கும் இரசாயனப் பரிசோதனைக்கும் பின்பே தெரியவரும்." இதை எழுதச் சொல்லப் பஞ்சாயத்தாருக்கு முழு உரிமை உண்டு. உடன்பாடில்லாத வாசகத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்கவும் உரிமை உண்டு. சாயங்காலமே வெட்டி முடித்துக் கொடுங்கள் என்று அரசியல்வாதியை வைத்துப் பேசுவதும் வேண்டாம். 2021 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை சூரியன் மறைந்தபின் கூறாய்வு செய்யலாம் என்று அனுமதித்தபோதே கொலை, தற்கொலை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றை விலக்கி வைத்தது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய உடல் இது.

கூறாய்வில் கேட்டு வாங்க வேண்டியவற்றில் முதலாவது டயாட்டம் சோதனை. கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா ஓடுள்ள பாசி அது. உயிரோடு மூச்சிழுத்து மூழ்கியவருக்கு ரத்தத்தோடு ஓடி எலும்பு மஜ்ஜை வரை போகும். செத்தபின் தண்ணீரில் போட்ட உடலில் நுரையீரல் வரை போனாலும், ஓடாத ரத்தத்தில் மஜ்ஜைக்குப் போக வழியில்லை. அதற்குத் தொடை எலும்பை உடைக்காமல் முழுசாக அனுப்ப வேண்டும். கூடவே ஆள் விழுந்ததாகச் சொல்லும் இடத்திலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர். இந்தத் தண்ணீரைத்தான் எடுக்க மறந்துவிடுகிறார்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் ஆய்வுக்கூடம் என்ன சொல்லும்? நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது. ஊருணிப் பாசி வேறு, கடல் பாசி வேறு. ஊருணியிலோ கிணற்றிலோ மூழ்கடித்துவிட்டுக் கடலில் போட்ட உடலின் மஜ்ஜையில் நன்னீர்ப் பாசி இருக்கும். சோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மூழ்கவில்லை என்று ஆகிவிடாது, அதையும் நினைவில் வைக்க வேண்டும். உள்ளுறுப்புகளை, இரைப்பை அதன் உள்ளடக்கத்தோடு, சிறுகுடல் 30 சென்டிமீட்டர், கல்லீரல் 500 கிராம், இரு சிறுநீரகத்திலும் பாதி என்று எடுத்து, தெவிட்டிய உப்புக் கரைசலில், புட்டியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி முத்திரை வைப்பார்கள். புட்டியை வாய்வரை நிரப்பினால் வாயு முத்திரையைத் தள்ளிவிடும். முத்திரை உடைந்த புட்டி நீதிமன்றத்தில் செல்லாக்காசு.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிக்கப் போய்ச் செத்தவர் என்றால் ஒரு விஷயத்தை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. படகிலிருந்து குழாயில் காற்று அனுப்பும் கம்பிரசர் வைத்துக் குளித்தாரா? வழக்கு வரும் என்று பயந்து குடும்பமும் படகுக்காரரும் வாய் திறப்பதில்லை. டீசல் எஞ்சின் புகை காற்றை இழுக்கும் வாய்க்குப் போனால் கார்பன் மோனாக்சைடில் ஆள் அடியிலேயே மயங்குவார். குழாய் பிடுங்கிக்கொண்டு சட்டென்று மேலே வந்தால் நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழ் மூளைக்குப் போகும். முன்னதற்கு ரத்தத்தைத் தனியாக எடுக்க வேண்டும், பின்னதற்கு மண்டையைத் திறக்கும் முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டுமே நடக்காது. தாளில் 'மூழ்கிச் சாவு' என்று வரும், கம்பிரசர் அடுத்த நாள் இன்னொருவரை இறக்கும்.

அடையாளம் காட்டுவதையும் முகத்தை வைத்து முடிக்கக் கூடாது. நாலாம் நாள் முகம் யாருடையதாகவும் தெரியும், பதற்றத்தில் இருக்கும் மனைவிக்குத் தன் ஆளாகவே தெரியும். ஆதார் ரேகையைப் போட்டுப் பார்க்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். முடியாது. ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ரேகையை யாருக்கும் எக்காரணத்துக்கும் பகிரத் தடை விதிக்கிறது. போலீசிடம் இருக்கும் ரேகை முன்பு வழக்கில் சிக்கியவர்களுடையது. ஊறிய கைத்தோல் கையுறைபோலக் கழன்று வரும், அதிலிருந்தும் ரேகை எடுக்கலாம். ஒப்பிட அவர் வீட்டில் தொட்ட டம்ளரோ கண்ணாடியோ கழுவாமல் இருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாவிட்டால் மரபணு. உடலிலிருந்து கடைவாய்ப்பல் அல்லது தொடை எலும்பு, இந்தப் பக்கம் தாய், தகப்பன் அல்லது பிள்ளையின் ரத்தம். அண்ணன் தம்பியின் ரத்தத்தில் விடை அவ்வளவு உறுதியாக வராது. கேட்பாரற்ற உடலை எரிக்காமல் புதைக்க வேண்டியதும் இதற்காகத்தான். பிறகு சந்தேகம் வந்தால் வட்டாட்சியர் முன்னிலையில் தோண்டி எடுக்கலாம்.

உடலே வராவிட்டால்

பிணம் கிடைக்காவிட்டால் கொலை வழக்கு நிற்காது என்பது டீக்கடைச் சட்டம். இமாசலப் பிரதேச வழக்கு ஒன்றில் 1981-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆள் செத்தார் என்பதை வேறு சாட்சியத்தால் நிரூபித்தால் போதும். அப்போது படகில் எடுத்த அந்தக் காலை நேர மகஜர், தனித்தனி வாக்குமூலம், ஜிபிஎஸ் தடம் ஆகியவையே உடலின் இடத்தில் நிற்கும். அவை இல்லாவிட்டால் 'காணவில்லை' வழக்கு, கண்டுபிடிக்க முடியாதது என்று மூடப்படும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடச் சொல்லும் வக்கீல்கள் உண்டு. யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட அடிப்படை இல்லாவிட்டால் அது நிற்காது.

அதற்குப்பின் ஏழு வருடம். பாரதிய சாட்சியச் சட்டம் 111-ஆம் பிரிவின்படி, இயல்பாகச் செய்தி கிடைத்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகள் ஒரு செய்தியும் இல்லையென்றால், உயிரோடிருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆள் செத்தார் என்று ஊகிக்கலாம், என்றைக்குச் செத்தார் என்று ஊகிக்க முடியாது. 2004-இல் எல்ஐசி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இதனால் வரும் நஷ்டம் பலருக்குத் தெரிவதில்லை. ஆளே போய்விட்டார், இனி எதற்குப் பிரீமியம் என்று நிறுத்திவிட்டால் பாலிசி காலாவதியாகும். பாலிசி உயிரோடு இருந்தபோதுதான் செத்தார் என்று நிரூபிக்க வழியில்லை. சோற்றுக்கே வழியில்லாத வீடு ஏழு வருடம் பிரீமியம் கட்ட வேண்டும். குறைந்தது காணவில்லை என்ற வழக்கு எண்ணோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் மாதமே பதிவுத் தபாலில் எழுதி வைக்க வேண்டும். அவர் சிம்மையும் ரீசார்ஜ் செய்துவர வேண்டும். சில மாதம் விட்டால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும்.

ஒரே படகில் போன மூன்று பேர் திரும்பவில்லை, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர் என்று வைத்துக்கொள்வோம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் அப்படிப் படகு புதிதில்லை. இந்துத் திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்திலும் மனைவி ஏழு ஆண்டு காத்திருந்து மணமுறிவு கேட்கலாம். 1939-ஆம் வருடத்து முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் நாலு ஆண்டு போதும். ஆனால் வங்கிக் கணக்குக்கும் வீட்டுப் பட்டாவுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் மூவருமே அந்த ஏழு வருடத்தைக் கடந்து, உரிமையியல் நீதிமன்றத்தில், இறந்ததாக அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்குப் போட்டு, நாளிதழில் விளம்பரம் கொடுத்து, தீர்ப்பு வாங்கித்தான் ஆக வேண்டும். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களுக்கு அரசு இந்த ஏழு வருடத்தைப் பாராமல் 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. புயல் நூறு பேரைக் கொண்டுபோனால் விதி வளைகிறது, ஒரு வல்லத்தில் ஒருவர் போனால் வளைவதில்லை.

தீர்ப்பு வந்து சான்றிதழ் வாங்கும்போது இறந்த தேதி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று குழம்புவார்கள். கடலுக்குப் போன நாளைப் பெரும்பாலும் எழுத முடியாது, சட்டம் ஊகிப்பது அந்த நாளையல்ல. அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களில் இந்த வீட்டார் ஆடி, தை, புரட்டாசி அமாவாசைகளுக்கு வருவார்கள். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை. புரோகிதர் இறந்த நாள் எதுவென்று கேட்டால், சான்றிதழில் இருக்கும் தேதியை யாரும் சொல்வதில்லை.